உதகையில் சொன்னதும் கழுக்குன்றத்தில் கொதித்ததும்

செங்கற்பட்டுவாசியான எனக்கு, மோட்டார் காரில் உஷ்ணக் காற்று வீசும் 'ஹீட்டர்' எதற்கு என்பது நெடுநாளாக விளங்காத விஷயம். சித்திரை வைகாசியில் கொளவாய் ஏரிக்கரையில் போய் நின்றால் போதும்; சூரிய பகவான் அந்தத் திருப்பணியைக் கட்டணமின்றிச் செய்கிறார்.

ஆகவே, தை மாதத்தில் குடும்பத்துடன் உதகமண்டலம் போயிருந்தபோது, ஹீட்டர் வெறும் குளிர்காற்றையே ஊதியதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. "குழந்தைகள் நடுங்குகிறார்களே! வண்டியை யாரிடமாவது காட்டக் கூடாதா?" என்றாள் என் மனைவி. "ஊருக்குப் போனால் இது யாருக்கு வேண்டும்?" என்று சமாதானம் கூறினேன்.

வைகாசியில் மாமல்லபுரம் போனோம். ஏழாம் நூற்றாண்டிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கும் கல் ரதங்களைக் கண்டு களித்தோம். அவற்றுக்கு ஒரு பாக்கியம் உண்டு. அவை ஓடுவதில்லை, ஆகையால் கொதிப்பதுமில்லை. எங்கள் ரதமோ, திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தை நெருங்கியதும் உஷ்ணமானியின் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு ஏற்றிவிட்டு, ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பக்கத்தில் என் சிறு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, திறக்காதீங்க! முகம் வெந்துபோகும்!" என்று ஓடிவந்து தடுத்தார், சாலையோரத்தில் இளநீர் விற்ற பெரியவர். அவருக்கு நான் பட்ட கடன் இளநீர் விலையால் தீரக்கூடியதன்று.

காரணத்தைக் கேளுங்கள். உதகையில், ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி செய்வது இதற்கு நேர் எதிரிடை. உள்ளே அழுத்தத்தை அடக்கி, 100 டிகிரிக்கு மேல் சென்றாலும் நீரைக் கொதிக்கவிடாமல் வைக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அவ்வளவும் ஆவியாய்ச் சீறும். ஆகையால் என்ஜினை நிறுத்தி, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுவதே வழி. மின்விசிறி தானாகவே சுழலக்கூடும். கையை நுழைக்க வேண்டாம்.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், "இது நேற்று வந்த வியாதி இல்லை, ஸார். முன்னமே ஹீட்டரில் சூடு குறைந்திருக்குமே?" என்றார். நான் திகைத்தேன்.

ஹீட்டர் என்பது இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான். என்ஜினைக் குளிர்விக்கும் அதே கூலன்ட்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. பல கார்களில் அது உயரத்தில் அமைந்திருப்பதால், நீர் குறைந்தால் முதலில் காற்று அடைப்பது அங்கேதான். எங்கள் வண்டியில் ஒரு ரப்பர்க் குழாயின் இணைப்பு, மாதக் கணக்கில் சொட்டுச் சொட்டாய்க் கசிந்திருக்கிறது.

அவர் சொன்ன மற்ற குறிப்புகளும் பயனுள்ளவை. முள் எப்போதும் தாழ்ந்தே நின்று, காற்றும் சுடாவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களில் ஒன்று சுட்டு, மற்றது ஆறியிருந்தால், உள்ளே அடைப்பு இருக்கலாம். வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.ஸி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்துவிட்டு, ஓரங்கட்ட வேண்டும். வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜினின் உஷ்ணத்தில் ஒரு பங்கு வெளியேறும்.

கடற்கரைக் கிணற்று நீரை ஊற்றுவதும் ஆகாது. பல இடங்களில் அது உவர் நீர், அலுமினியத்தை அரிக்கும். நாம் குடிப்பதற்காக நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டு முதல் கடல்நீரின் உப்பை நீக்கி வருகிறார்கள். வண்டிக்கு மட்டும் உப்பைப் புகட்டுவது தர்மமா? காலை வேளையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் புட்டியில் இரு கோடுகளுக்கு இடையே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் தயாரிப்பாளர் குறித்த கூலன்டையே ஊற்றுங்கள். அடிக்கடி குறைந்தால், ஊற்றுவதை நிறுத்திக் கசிவைத் தேடுங்கள்.

நமக்கு வேண்டாத சௌகரியம் கெட்டால், அதைப் புகாராகவே நாம் கருதுவதில்லை. வண்டியோ தனக்கு இருக்கும் ஒரே வாயால்தான் பேசுகிறது.

"உதகையிலேயே சொன்னேனே" என்று என் மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தின் உஷ்ணத்தைக் காட்ட எந்த முள்ளாலும் முடியாது.