படுக்கப் போகுமுன் அடுப்பைப் பாருங்கள்

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, நெருப்பை மனிதனுக்குப் பகையாகவே எண்ணி, உறங்குமுன் அணைத்துவிடும்படி பணித்தார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துப் போய் வீட்டையே எரித்துவிடலாம் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. குசினி எலியைக் கூட விட்டுவைக்காத மார்க்கம் நமது மார்க்கம். நாமோ இரவில் வாசற்கதவு பூட்டியாயிற்றா என்று இரண்டு முறை பார்க்கிறோம். அடுப்பை ஒரு முறையாவது பார்க்கிறோமா?

மின்சாரம் நின்றதும் வெற்றுப் போத்தலில் திரி போட்டுக் கொளுத்தும் பழக்கம் நம்மிடையே இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் போத்தல் உருண்டு எண்ணெய் சிந்தி எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத விளக்கொன்றை உருவாக்கினார். குட்டையானது, கனத்த கண்ணாடி, இரு பக்கமும் தட்டை, திருகுமூடி. அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். எளிமையான யோசனைதான். எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

காஸ் அடுப்பு வந்ததும் பயம் போய்விடவில்லை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் காற்றை விடக் கனமானது; தரையோடு படிந்து நிற்கும். வாடை வந்தால் மின் ஆளியைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே போய்விடுங்கள். தாச்சியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். நைலோன் துணி உருகித் தோலோடு ஒட்டும். ஆகவே சமைக்கும்போது பருத்தி உடுப்பு உடுத்து, முக்காட்டின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். ஸஹர் நேரத்துத் தூக்கக் கண்ணோடு அடுப்பு மூட்டும் சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அதையும் மீறித் தீ பிடித்தால்? கள்ளனுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி, பின்கதவுக்கு ஆமைப்பூட்டு. திறப்போ வாப்பாவின் சட்டைப்பையில்! இருட்டில், புகையில் யார் தேடுவது? பெரியவர் கைக்கு எட்டும் ஆணியொன்றில், கதவருகிலேயே அதைத் தொங்கவிடுங்கள். புகை மேலே எழும்பும் என்பதால் தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நடக்க முடியாத உம்மம்மாவை யார் தூக்குவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். நடு இரவில் அபாயாவைத் தேடி நம் பெண்கள் நின்றுவிடுவார்களோ என்ற அச்சம் எனக்குண்டு. 2002 மார்ச் மாதம் மக்காவில் பெண்கள் பாடசாலையொன்றில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தார்கள். முறையான உடையின்றி வந்த மாணவிகள் தடுக்கப்பட்டதாகச் சவூதிப் பத்திரிகைகளே எழுதின. அரசு விசாரணை அதை ஏற்கவில்லை. எது எப்படியிருந்தாலும், உயிர் போகும் நேரத்தில் உடையைக் காரணம் காட்டி நிற்க மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணும் வீடு எரியும் ஆபத்தில் வெளியேறலாம் என்றே இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமானால் ஒரு நீளப் போர்வையைத் திறப்பின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். கைக்குக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் ஓடுங்கள்.

வெளியே எல்லோரும் கூட ஓரிடம் குறித்துக்கொள்ளுங்கள்: எதிர்வீட்டு மதிலோ, தெருமுனை மாமரமோ. அங்கே தலையை எண்ணுங்கள். நகைக்கும் காணி உறுதிக்கும் யாரும் உள்ளே திரும்பக் கூடாது. தீயணைப்புக்கு 110, அம்பியூலன்ஸுக்கு 1990. எரிந்த இடத்தில் பற்பசை பூசாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். வரும் வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டு, கடைக்குட்டி தனியாகவே வாசலுக்கு வழி கண்டுபிடிக்கிறானா என்று ஒரு தடவை பாருங்களேன்.