ஜீப் இல்லாட்டி பாலைவனம் கிடையாதா பாஸ்?

"மச்சி, பாலைவனம்னா ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வேணும்டா. நம்ம பட்ஜெட்டுக்கு மெரினா மணல்தான்!"

ஃபைனல் இயர்ல ராஜஸ்தான் டூர் பேச்சை எடுத்ததும் என் ரூம்மேட் அடிச்ச கமென்ட் இது. பிளான் போட்ட எட்டுப் பேர்ல ஆறு பேர் அந்த ஒரே டயலாக்ல கழண்டுக்கிட்டாங்க. மிச்சம் நானும், கமென்ட் அடிச்சவனும்!

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயில்ல ரெண்டு ராத்திரி. அங்கேயிருந்து இன்னொரு ரயில் பிடிச்சா ஜெய்சால்மர். 1156-ல உருவான கோட்டைக்குள்ளே இன்னமும் ஜனங்க துணி காயப் போட்டுக்கிட்டு குடித்தனம் நடத்துறாங்க. மணல்மேடு பார்க்க மேற்கே சாம், தென்மேற்கே குரி. ரெண்டுக்குமே ஜம்முனு தார் ரோடு. (தார் பாலைவனத்துக்குத் தார் ரோடு... கடிக்கு மன்னிக்கவும்!) சாம்ல ஜீப், டென்ட், டான்ஸ்னு ஒரே திருவிழாக் கூட்டம். குரி அமைதியான கிராமம். லோக்கல் பஸ்ல இறங்கி, வீடுகளைத் தாண்டி நடந்தா மணல்மேடு வந்துடும்.

இவ்வளவும் விசாரிச்சு வெச்சிருந்த நாங்க என்ன பண்ணினோம்? பந்தாவா ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்தோம். ரோட்டுல போற வரைக்கும் சூப்பர். "குறுக்கு வழிடா"னு நான்தான் மணல்ல இறக்கினேன். கொஞ்ச தூரம்தான், பின்சக்கரம் பாதி உள்ளே போயிடுச்சு. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க இன்னும் கீழே போகுது.

மணி பன்னிரண்டு. டிசம்பர்தான், ஆனாலும் மண்டை காயுது. கையில அரை பாட்டில் தண்ணி. செல்லுல டவர் இல்லை. "நீ இங்கேயே இரு, நான் போய் யாரையாவது கூட்டிட்டு வர்றேன்"னு அவன் கிளம்பினப்பதான் எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குச்சு. நாலு மேடு தாண்டினா எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். சட்டையைப் பிடிச்சு இழுத்து, பக்கத்துல இருந்த ஒத்தை மர நிழல்ல உட்கார வெச்சேன். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை.

அப்புறம் ஆட்டு மணிச் சத்தம். தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர். எங்களைப் பார்த்தார், சிரிச்சார். ரெண்டு டயர்லயும் பாதிக் காத்தை இறக்கினார். டயர் தளர்ந்தா மணல் மேல அகலமா பரவி நிக்கும், புதையாதாம். காய்ஞ்ச சுள்ளிகளைச் சக்கரத்துக்கு முன்னாடி பரப்பினார். மூணு பேரும் தள்ள, வண்டி வெளியே வந்துடுச்சு.

"பேட்டா, இதுல எதுக்கு வந்தீங்க? கால் இல்லையா?"

"தப்புதான் பாபா"ன்னேன், எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில. அவர் பின்னாடியே வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தோம். நாங்க உட்கார்ந்திருந்த மரம் அவங்க ஊர்ல கேஜ்ரி. நம்ம ஊர்க் கோயில்கள்ல சுத்தி வர்ற அதே வன்னி மரம்! அதோட காயைக் காயவெச்சுக் குழம்பு வைக்கிறாங்க. வழியெல்லாம் எருக்கு. வீட்டுல சாப்பிடக் கொடுத்தது கம்பு ரொட்டி. காத்து வர்ற பக்கம் மேடு சரிவா இருக்கும், அடுத்த பக்கம் செங்குத்தா இருக்கும். அதை வெச்சே அவர் வழி சொல்றார். மணல்ல வண்டு நடந்து போன தடம் தையல் போட்ட மாதிரி இருந்துச்சு. ஜீப்ல போயிருந்தா அது மேலேயே ஏத்தியிருப்போம். அழிஞ்சுக்கிட்டிருக்கிற கானமயில் இந்தப் பக்கத்துப் பறவைதான். அது தரையில ஒரே ஒரு முட்டைதான் இடுமாம். அதையும் யோசிங்க.

போறவங்க நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. 2016 மே மாசம் இதே பாலைவனத்துப் பலோடியில 51 டிகிரி அடிச்சது! ஆளுக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணி, ராத்திரிக்கு ஸ்வெட்டர். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுடுங்க. வண்டியோட மாட்டிக்கிட்டா அதை விட்டுட்டு எங்கேயும் போகாதீங்க.

ஒரு வீட்டு சைக்கிள் பம்ப்ல காத்தடிச்சு, சாயங்காலம் பைக்கைத் திருப்பிக் கொடுத்தோம். செயின்ல இருந்த மணலைக் காட்டி வண்டிக்காரர் முந்நூறு ரூபாய் கறந்துட்டார். ரூம்மேட் குனிஞ்சு, அந்த மணல்ல ஒரு சிட்டிகையைப் பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டான்.

"முந்நூறு ரூபாய் மணல்டா மச்சி. மெரினாவுல கிடைக்காது!"