ஆட்டமும் படமும்

திரைப்படம் பார்ப்போரையும் கணினியில் விளையாடுவோரையும் ஒரே கூட்டத்தாராக எண்ணி, 'காலத்தை வீணே கழிப்போர்' எனக் கடிதல் பெரியோர் சிலர்க்கு வழக்கமாயிருக்கின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்போர்க்கோ அவர் விதிக்கும் தண்டம் இருமடங்காம். சங்கச் செய்யுளை மூடிவைத்துத் திரையை நோக்கினர் என்பது அவர்மேற் சாட்டப்படும் குற்றம். அண்மையில் யாம் கண்டு மகிழ்ந்த ஓர் ஆட்டத்தையும் இரு படங்களையும் முன்வைத்து இக்கூற்றின் வன்மை மென்மைகளை ஆராயப் புகுகின்றோம்.

விளையாட்டு நம் நகர்க்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயம் உருட்டும் வழக்கத்தை மயிலாப்பூரார் நன்கறிவர். அதன் ஏணிகள் நற்செயல், பாம்புகள் தீச்செயல். அறநூல் சொல்லால் உணர்த்துவதை அவ்வாட்டம் கையால் உணர்த்துகின்றது. விளையாட்டு வேறு, சூது வேறு. வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் வகுத்துக் கடிந்தது சூதினையே. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றிய சட்டமும், இந்தியப் பாராளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க எழுந்தவை. அப்பழியை எல்லா ஆட்டங்களின் மேலும் ஏற்றுதல் நேர்மையன்று.

யாம் போற்றும் ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'. கனடா நாட்டுத் தொரந்தோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் இதனை 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா, முதற்படைப்புக்குரிய பரிசினை இதற்கு வழங்கிற்று. தமிழகத்தினின்று குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் இருவரும், அவர்தம் மகன் கவினும் கதைமாந்தர். கதை 1988-இல் தொடங்குகின்றது. வாள்வீச்சோ, துப்பாக்கியோ இதன்கண் இல்லை. தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்து கிடக்கின்றது. அழிந்த வரிகளை ஊகித்தறிந்து, இட்டலி முதலாய உணவுகளைச் செவ்வனே ஆக்குதல் ஆடுவோர் கடன். இட்டலித் தட்டுக்களை முறைமாறி அடுக்கினால் ஆவி செல்ல வழியின்றி மாவு வேகாது. வெண்பாவில் ஒரு சீர் பிறழின் தளை தட்டுவது போன்றதே இதுவும். பெயர் பொருத்தமுடைத்தென்று யாம் நகைத்து மகிழ்ந்தோம்.

நகைப்பின் பின் ஒரு சிந்தையும் எழுந்தது. சிதைந்த ஏட்டில் விடுபட்டதை முன்பின் நோக்கி நிரப்புதல் பதிப்பாசிரியர் தொழிலன்றோ? 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் ஆற்றிய தொண்டு அதுவே. அவர் பெயரால் 1943-இல் அடையாற்றில் நிறுவப்பெற்ற நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது. அங்குப் போற்றப்படும் சுவடிகள் புலவர் செல்வம். அடுக்களைக் குறிப்பேடோ எவரும் காவாத செல்வம். அதனையும் ஓர் ஏடாக மதிக்கக் கற்பித்தமையே இவ்வாட்டத்தின் பெருமை என்போம்.

கவின் வளருந்தோறும் தாய்மொழியினின்று விலகுகின்றான். இது கடல்கடந்தோர்க்கே உரிய துன்பம் எனக் கருதுவோர் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள இல்லங்களை நோக்குக. தமிழைக் காதால் அறிந்து, கண்ணால் அறியாத இளைஞர் அங்குப் பலர். எம் தோழர் ஒருவர் இவ்வாட்டத்தை ஆடி முடித்த மறுவாரம், மறைந்த தம் பாட்டியார் எழுதிய குறிப்பேட்டைக் கொணர்ந்து, படித்துக் காட்டுமாறு எம்மை வேண்டினர். மயிலாப்பூரிற் பிறந்து வளர்ந்த அவர்க்கு அக்கையெழுத்தில் ஒரு வரியும் விளங்கவில்லை. ஆழாக்கு, வீசை என்னும் அளவுகளை யாம் விளக்க, அவர் தம் கைபேசியிற் குறித்துக்கொண்டார். வகுப்பறையில் யாம் கற்ற தமிழ் பிறரொருவர்க்கு இத்துணை விரைவிற் பயன்பட்டதை அதன்முன் கண்டிலோம்.

குறையும் உண்டு. இரண்டு மணி நேரத்திற்குள் ஆட்டம் முடிந்துவிடுகின்றது. ஆடுவோர் எதனைச் செய்யினும் கதையின் முடிவு பெரிதும் மாறுவதில்லை. எனினும் சிறிய செய்யுளைச் சிறிதென்று இகழ்வார் உளரோ?

இனிப் படங்கள். மணிகண்டன் இயக்கி 2022-இல் வெளிவந்த 'கடைசி விவசாயி'யில் தலைமை மாந்தராய் வருபவர் நல்லாண்டி என்னும் முதியவர். நடிகரல்லர், மெய்யாகவே உழவர். படம் வெளிவருமுன் அவர் மறைந்தார். செய்யாத குற்றத்திற்காக அவர் சிறைப்பட, அவர் விதைத்த பயிர் நீரின்றி வாடுகின்றது. தம்மைப் பற்றிக் கவலாது பயிரைப் பற்றியே கவலும் அப்பெரியவரின் எளிமை எம் உள்ளத்தை விட்டகலவில்லை. வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' 2024-இல் வந்தது. பிற சாதி இளைஞனை விரும்பிய பெண்ணைப் பேய்பிடித்தவளாகக் கருதிக் குறிசொல்வோனிடம் அழைத்துச் செல்லும் பயணமே கதை. பின்னணி இசை அறவே இல்லை. அப்பெண் வாய்திறப்பதும் அரிது. அவள் மௌனமே படத்தின் பேச்சு.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இந்நாட் பெரும்படங்கள் பல பெருமிதம், வெகுளி என்னும் இரண்டனையே முழவதிரக் காட்டி, ஏனைய ஆறனையும் மறந்தன. யாம் கூறிய ஆட்டமும் படங்களும் அவ்வாறனுள் சிலவற்றை மீட்டுத் தந்தன. ஆதலின் திரையை அளக்கப் புதிய கோல் வேண்டுவதில்லை. செய்யுளை அளக்கும் கோலே போதும். காலம் கழிந்ததோ என்று வினவற்க. கழிந்த காலம் எவ்வுணர்வை ஈந்தது என்று வினவுக.

இத்தகைய படங்கள் அரங்குகளில் நெடுநாள் நிற்பதில்லை. லஸ் பகுதியில் விளங்கிய காமதேனு அரங்கு திருமண மண்டபமாயிற்று. பலரொருங்கிருந்து பார்த்து, வீடு திரும்பும் வழியெல்லாம் விவாதிக்கும் வாய்ப்பும் அருகி வருகின்றது. அவ்வாய்ப்பைக் கல்லூரி தரலாம். திங்களுக்கொரு நற்படத்தை நம் மன்றத்திற் காட்டுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பழைய மாமல்லபுரம் சாலையில் கணினித்தொழில் புரிவோர் உங்களுட் பலர். தொரந்தோவிலிருந்து ஒரு சிறு குழு செய்ததைச் சென்னையிலிருந்து நாம் செய்தல் அரிதன்று. கணினியறிவு நும்மிடத்து உண்டு. கதையும் சொல்லும் தமிழ் வகுப்பிலுண்டு. விடுமுறையில் ஒருநாள் கல்லூரிக்கு வருக, உடனமர்ந்து தொடங்குவோம். பாட்டியர் ஏடுகளைப் படிப்பார் இருக்கும்போதே அப்பணி தொடங்குதல் நன்று.