பிங்க் வரலன்னா பூஜ்ஜியம்னே எழுதுங்க

ஆல்கலினிட்டி லேப். தண்ணி சாம்பிள்ல ரெண்டு சொட்டு பினாப்தலீன் விடுறீங்க. பிங்க் வரல. உடனே பக்கத்து ரெக்கார்டை எட்டிப் பார்த்து 0.4 மி.லி.ன்னு எழுதிடுறீங்க. வருஷா வருஷம் நடக்குற கூத்து. அந்தப் பூஜ்ஜியம்தான் அன்னைக்கு லேப்ல கிடைக்கிற நல்ல ரிசல்ட். அதை அழிச்சுட்டுப் பொய்யை எழுதுறோம்.

கார்பானிக் அமிலத்துல ரெண்டு புரோட்டான். முதல்ல ஒண்ணு போனா மிச்சம் பைகார்பனேட். அதுலேர்ந்து அடுத்தது கிளம்புற மாறிலி, முதல் மாறிலியைவிட சுமார் 10,000 மடங்கு சின்னது. கனகசெட்டிக்குளத்துல ஒரு போர் தண்ணியைப் பிடிச்சுட்டு வாங்க. பி.ஹெச். 8.3-க்குக் கீழே இருந்தா, பைகார்பனேட் நூறு இருக்குற இடத்துல கார்பனேட் ஒண்ணுகூடத் தேறாது. பிங்க் எங்கேர்ந்து வரும்?

வைவாவுல காரணம் கேட்டா "நெகட்டிவ் சார்ஜ் இழுக்குது சார்"ன்னு ஒரே மூச்சுல சொல்லிடுவோம். மார்க்கும் வந்துடும். தப்பான பதில் இல்ல. ஆனா பாதி பதில். சார்ஜ்தான் இழுக்குதுன்னா, தூரம் கூடக்கூட இழுப்பு குறையணுமே? குறையுது. ஆக்ஸாலிக் அமிலத்துல ரெண்டு அமிலத் தொகுதியும் ஒட்டி உட்கார்ந்திருக்கு; ரெண்டு மாறிலிக்கும் சுமார் 1,000 மடங்கு வித்தியாசம். நைலானுக்குப் போற அடிபிக் அமிலத்துல நடுவுல நாலு கார்பன். வித்தியாசம் சுமார் 10 மடங்குதான். அதுலயும் 4 மடங்கு வெறும் எண்ணிக்கைக் கணக்கு: முதல் தடவை கிளம்ப ரெண்டு புரோட்டான், திரும்பி வர ஒரு இடம், அடுத்த தடவை கிளம்ப ஒண்ணு, திரும்ப ரெண்டு இடம். இதை எந்த வைவாவுலயும் கேட்க மாட்டாங்க. கேட்கணும்.

கேட்டா என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறவங்க, அதே ஊர்க் கடற்கரைக்குப் போங்க. கடல்ல கரைஞ்ச கார்பன்ல சுமார் 90% பைகார்பனேட்தான். நாம புகையா விடுற கார்பன் டை ஆக்சைடு கடல்ல கரைஞ்சு புரோட்டானை விடும்போது, கார்பனேட் அதைக் கப்புனு பிடிச்சுக்கும். விட மனசில்லாததுக்குப் பிடிக்கிறதுல தயக்கம் இருக்குமா? அப்படிப் பிடிச்சுப் பிடிச்சு கார்பனேட் குறையுது. சிப்பி ஓடு கட்டுறது அந்தக் கார்பனேட்டை வெச்சுத்தான். தொழிற்புரட்சிக்கு முன்னால இருந்ததைவிட கடல் மேற்பரப்பின் பி.ஹெச். சுமார் 0.1 இறங்கியிருக்கு. கொஞ்சம்னு தோணும், லாக் கணக்குல பார்த்தா ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடியிருக்கு.