மெஷின் எழுதட்டும், ஆனால் முடிவு நம்முடையது

"புரோகிராமை மெஷினே எழுதிட்டா நாம எதுக்குப் படிக்கணும்?" என்று நம் வகுப்பில் சிலர் கேட்கிறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப எழுதுகிற வேலையை மெஷினிடம் விடலாம். எதை, எப்படி எழுதணும்னு முடிவு செய்வதை விட முடியாது.

ஒரு கணக்கு பாருங்க. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு 258 என்ற எண்ணை அனுப்புகிறது. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். அதனால் 256 ஒன்று, மிச்சம் 2 என்று பிரித்து, 1, 2 என இரண்டு பைட்டாக அனுப்பும். வாங்குவது பின்னாலிருந்து படிக்கிற ரகமாக இருந்தால்? 2, 1 என்று எடுத்து 513 ஆக்கிவிடும்! தப்பு யார் மேல? இரண்டும் அதனதன் வழியில் சரிதான். இந்தச் சண்டைக்கு 1980-இல் டேனி கோஹன் என்பவர் பெயர் வைத்தார். கலிவர் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போடுவாங்களே, அதிலிருந்து எடுத்து பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்றார்.

இப்படி எண், பெயர், தேதி எல்லாத்தையும் பைட் வரிசையாக மாற்றுவதுதான் சீரியலைசேஷன். அனுப்புகிற பக்கம் ஒருத்தர், வாங்குகிற பக்கம் இன்னொருத்தர் கையால் எழுதினால் எங்காவது இடறும். அதற்கான கருவிகளில் ஒன்று புரோட்டோகால் பஃபர்ஸ். கூகுள் தனக்குள் வைத்திருந்ததை 2008-இல் எல்லாருக்கும் வெளியிட்டது. என்னென்ன அனுப்புகிறோம், அது எண்ணா எழுத்தா, அதன் வரிசை எண் என்ன என்று ஒரே கோப்பில் நாம் எழுதணும். அதைப் படித்து ஜாவா, பைத்தான் என்று கேட்கிற மொழியில் புரோகிராமை அதுவே எழுதித் தரும். இரண்டு பக்கமும் ஒரே தாளிலிருந்து வருவதால் 258 அங்கேயும் 258தான்.

அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. ஒரு தகவலுக்குக் கொடுத்த எண்ணை, அந்தத் தகவலை நீக்கினாலும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. நம்ம ஸ்கூல் அட்மிஷன் நம்பர் மாதிரி! டி.சி. வாங்கிப் போன அக்காவின் நம்பர் புதுசா சேர்ற பிள்ளைக்கு வராது. கொடுத்தால் பழைய பதிவேட்டில் ஆள் மாறிப் போகுமே.

அப்போ மெஷின் எழுதினால் போதுமா? 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்கு மிக அருகில் போய்த் தொலைந்தது. பூமியில் ஒரு புரோகிராம் உந்துதலை பவுண்டு கணக்கில் கொடுத்தது. வாங்கிய புரோகிராம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. சுமார் நாலரை மடங்கு வித்தியாசம். இத்தனைக்கும், நியூட்டன் கணக்கில்தான் தரணும்னு ஆவணத்தில் எழுதியே இருந்தது. எழுதி பீரோவில் வைத்தால் யார் படிப்பது?

இங்கே புரோட்டோகால் பஃபர்ஸ் இருந்திருந்தாலும் முழுசாகக் காப்பாற்றியிருக்காது. அது எண்ணைத்தான் பார்க்கும். பவுண்டா நியூட்டனா என்று அதற்குத் தெரியாது. தகவலின் பெயரிலேயே அலகையும் சேர்த்து எழுத ஒரு ஆள் வேணும். அலகு போடாத விடைக்கு அறிவியல் மிஸ் அரை மார்க் குறைப்பது நியாயம்தான் என்பது என் கட்சி. மறுத்து எழுதுகிறவர்களுக்காகக் கீழே இடம் விட்டிருக்கேன்.