விளக்கைப் போடுமுன் ஒரு மூச்சு

2022 செப்டம்பர் இறுதியில், ஒரகடத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு உருளைக் கிடங்கு ஒன்று தீப்பற்றி எரிந்ததை நம் வட்டாரத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். தீக்காயமுற்றோருள் சிலர் சிகிச்சை பலனின்றி இறந்தனர். எரிவாயு விபத்து என்றால் கிடங்கையும் தொழிற்சாலையையும் நினைத்து அஞ்சும் நாம், நம் அடுப்படியில் இருக்கும் உருளையைப் பற்றி அந்த அளவுக்கு எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் எவரும் அறியாமல் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பின்னரே எரிவாயுவில் வாடை சேர்ப்பது அங்கே சட்டமாயிற்று. இன்று நம் உருளையில் கசிவு ஏற்படும்போது எழும் அழுகல் நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்னும் வேதிப்பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது.

அந்த எச்சரிக்கை மூக்கை நம்பியே இருக்கிறது. சளி, மூக்கடைப்பு, புகைப்பழக்கம், முதுமை ஆகியவை மோப்ப உணர்வைக் குறைக்கும். கொரோனா தொற்றுக்குப் பின் அவ்வுணர்வு முழுமையாகத் திரும்பாதவர்களும் உண்டு. நலமான மூக்கும்கூட ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் அதற்குப் பழகிவிடும். எனவே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாதது, வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியும். ‘ஏதோ வாடை வருகிறதே’ என்று ஒருவர் சொன்னால், அவர் சிறு பிள்ளையாயினும் பக்கத்து வீட்டவராயினும், ‘எனக்குத் தெரியவில்லையே’ என்று தள்ளிவிடாதீர்கள். உணர்ந்தவர் சொல்லையே நம்புங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கிச் சமைத்து உண்ணும் தொழிலாளர்கள் ஏராளம். ஒரு ஷிப்டினர் பூட்டிச் சென்ற அறையை, மற்றொரு ஷிப்டினர் நள்ளிரவில் திறக்கிறார்கள். அடுப்புக் குமிழ் சரியாக மூடப்படாவிட்டால், அத்தனை மணி நேரமும் கசிந்த வாயு அங்கே தேங்கியிருக்கும். கதவைத் திறந்தவுடன் கை தானாக விளக்கின் சுவிட்சுக்குப் போகிறது. அந்தச் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். ஆகவே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுகிறேன்: கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள், அதன் பிறகே விளக்கு.

வாடை தெரிந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியேற்றும் மின்விசிறிக்கும் இது பொருந்தும். வீட்டில் எரியும் விளக்கோ ஊதுபத்தியோ இருந்தால் உடனே அனைவரும் வெளியேறுங்கள். இல்லையெனில், எளிதில் இயலுமாயின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். உருளை வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஆதலால் கதவைத் திறப்பது மிக அவசியம். இப்பகுதிக் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கியுள்ள குழாய்வழி இயற்கை எரிவாயு இலேசானது, கூரையோரம் சேரும். அதற்கு மேல் சன்னலும் திறந்திருக்க வேண்டும். கைப்பேசியை வெளியே வந்த பின்னரே எடுங்கள். உருளைக் கசிவுக்கு 1906 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. தீ எனில் 101, உயிராபத்து எனில் 108. ஐயம் சிறிதாக இருப்பினும் தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள். கசிவைக் காணச் சோப்பு நீரின் குமிழியே போதும்.

இது தங்கியிருப்பவரின் பொறுப்பு மட்டுமன்று. வாடகை பெறும் வீட்டு உரிமையாளர், காற்றோட்டமற்ற அறையில் அடுப்பை அனுமதிக்கலாகாது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒடிசா, பீகார்த் தொழிலாளருக்கு அவர்கள் மொழியில் இவ்விதிகளைச் சுவரில் எழுதி வைப்பதும் அவர் கடமையே. தீக்காயத்துக்கு எங்களால் இயன்ற சிகிச்சையை அளிப்போம். ஆயினும் வெந்த தோலை முன்போல் ஆக்கித் தருதல் எங்களால் பெரும்பாலும் இயலாது. வாசலில் நின்று இழுக்கும் அந்த ஒரு மூச்சு, அந்நிலை வாராமல் காக்கக்கூடும்.