இயல்பிருப்பும் பெரும்பான்மை விருப்பமும்: சொல்லெண்ணும் கருவியை முன்வைத்து

நிரலாக்கக் கருவி ஒன்றில், பயனர் எதனையும் மாற்றாதபோது தானே செயற்படும் அமைப்பு இயல்பிருப்பு எனப்படும். அதனை நிரலாளரிடம் கருத்தாய்வு நடத்தித் தீர்மானிக்கலாம் என்பாருளர். பலர் விரும்புவதே பலருக்கும் பயன்படும் என்பது அவர்தம் அடிப்படை. இவ்வடிப்படை எல்லா மொழிகளுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

பைத்தான் நிரலாளர் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் சொல்லெண்ணும் கருவி இதற்குச் சான்றாகும். இரண்டோ அதற்கு மேற்பட்டோ எழுத்துகள் இடையறாது தொடர்ந்தால் மட்டுமே சொல்லெனக் கொள்வது அதன் இயல்பிருப்பு. எழுத்து எது என்பதைப் பைத்தான் ஒருங்குறியின் வகைப்பாட்டைக் கொண்டு அறிகிறது. அவ்வகைப்பாட்டில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல. எழுத்தைச் சார்ந்துவரும் குறிகள். எனவே அவை வருமிடமெல்லாம் சொல் முறிகிறது. ‘கடல்’, ‘கடலை’ ஆகிய இரண்டும் ‘கடல’ என ஒன்றாகின்றன. ‘யானை’ சுவடின்றி மறைகிறது. நன்னூலார் தொகுத்துரைத்த 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்றும் எஞ்சுவதில்லை.

கருவி பிழைச்செய்தி எதனையும் காட்டுவதில்லை என்பதே இதில் பெருந்தீங்கு. அட்டவணை ஒழுங்காக அமைகிறது, எண்ணிக்கையும் கிடைக்கிறது. இவ்வெண்ணிக்கையை நம்பிச் சொல்வளம், நடை, ஆசிரியர் யார் என்பன பற்றி எழும் முடிவுகள் யாவும் அடித்தளமற்றவை.

இவ்வமைப்புப் பற்றிக் கருத்தாய்வு நடத்தினும் குறை வெளிப்படுமெனக் கொள்ள இயலாது. விடையளிப்போருள் ஆங்கிலத் தரவைக் கையாள்வோர் மிகுதியெனில், அவர்கள் இதில் இடர்ப்பாடு காணார். ஆங்கிலத்தின் ஓரெழுத்துச் சொற்கள் பொருட்சுமை குறைந்தவை. அவை நீங்குவது அவர்க்கு இழப்பன்று. தமிழிலோ ‘தீ’யும் ‘பூ’வும் ‘கோ’வும் முழுப்பொருள் தரும் பெயர்கள். இழப்புக்கு உள்ளாவோர் சிறுபான்மையராகவும், இழப்பை அறியாதவராகவும் இருக்குமிடத்து வாக்கெண்ணிக்கை உண்மையைக் காட்டாது.

கருத்தாய்வே வேண்டா என்பது இதன் பொருளன்று. திரையின் நிறம், வரியின் உள்தள்ளல் போன்றவற்றில் விருப்பமே அளவுகோலாகலாம். தரவைச் சிதைக்கும் அமைப்புகளிலோ விளைவே அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வியல்பிருப்பைப் பயனரே மாற்றிக்கொள்ள இயலும். ஆதலின் கணினிவழித் தமிழாய்வுகள் தாம் கையாண்ட சொற்பிரிப்பு அமைப்பை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். மதிப்பீட்டாளரும் அதனை வினவுதல் வேண்டும். உயிர்க்குறி, புள்ளி, ஓரெழுத்தொருமொழி ஆகியவற்றை உள்ளடக்கிய சோதனைச் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்த்துறைகள் உருவாக்கிக் கருவி வகுப்போர்க்கு வழங்குதல் இன்றியமையாதது. எழுத்தின் இலக்கணத்தை வரையறுக்கும் பொறுப்பு நிரலாளர்க்கு மட்டும் உரியதன்று.